பன்னிரண்டு பவுண்டு

கணபதியில், பட்டறைச் சந்துக்கு மேலே எங்கள் வாடகை மாடி.
பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிவிட்டு
ஒரு குட்டிப் பீப்பாயை நிறுத்தியிருக்கிறோம்.
ஐந்து லிட்டர். எவர்சில்வர் வயிறு.
மூடி, மருதாசலம் கடைசல் பிடித்தது.
அதன் ஜோடிக்கு ஃபிரிட்ஜில் இடமில்லை;
முறை வரும்வரை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்றான்.

உள்ளே இருப்பது,
எட்டு நாளைக்கொருதரம் வரும் சிறுவாணித் தண்ணீரில்
முளைகட்டிய பார்லியும் ஒரு படி கம்பும் ஊறவைத்து
காய்ச்சி, ஆற்றி, புளிக்கவிட்டு வடித்த பீர்.
நிறம் வந்துவிட்டது. கசப்பும் வந்துவிட்டது.
வாயில் வைத்தால் மட்டும்
நேற்று ஆறிப்போன டீ.

இரண்டு வழி உண்டாம்.
சர்க்கரை போட்டு மூடிவிட்டால்
ஈஸ்ட்டே மெதுவாக மூச்சு விட்டுக்கொள்ளும்.
இல்லையென்றால், தீயணைப்பு சிலிண்டர் நிரப்பும் கடையில்
கேஸ் வாங்கி வந்து மேலிருந்து அழுத்துவது.
"நமக்கேது அத்தனை பொறுமை" என்றவன்
சிலிண்டரை ஸ்கூட்டரில் முன்னால் வைத்து
இரண்டு காலையும் அகட்டிக்கொண்டே ஓட்டி வந்தான்.

பம்பு கம்பெனியில் எனக்கு லீக் டெஸ்டிங்.
நாளைக்கு நூற்றி நாற்பது வார்ப்பு.
வாயடைத்து, காற்றேற்றி, தொட்டியில் முக்கி
குமிழி வருகிறதா என்று பார்ப்பவள்.
சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தொட்டு
மரை மரையாகத் தடவினேன்.
மூன்றாவதில்
கடுகளவு ஒரு முட்டை வீங்கியது, நின்றது, உடைந்தது.
டேப் இரண்டு சுற்று.
ஊசி பன்னிரண்டு பவுண்டில் நின்றது.
"ஒரு வாரம் தொடாதே.
சூட்டில் கேஸ் இறங்காது, குளிர்ந்தால்தான் வாங்கும்."

அன்று சாயங்காலம்
துவைக்கப் போட்ட அவன் சட்டைப் பையில்
கணக்குத் தீர்த்த காகிதம்.
தேதி, போன மாதம் ஒன்பது.
அப்படியானால் இத்தனை நாளும்
டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கே போனான்?

கேட்டேன்.
"இப்ப என்னங்குறே?"
இரண்டே வார்த்தை. அதற்கு நான் பத்து.

காலையில் அவன் ஊசியைப் பார்ப்பான், ராத்திரியில் நான்.
பன்னிரண்டு. பன்னிரண்டு.
ஒருமுறை பதிமூன்று, கரண்ட் போயிருந்த அன்று.

ஐந்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் குழாயைத் திறந்துவிட்டேன்.
டம்ளர் நிறைய நுரை,
எருமை கறந்த மாதிரி. அடியில் ஒரு மடக்கு.
பத்துக்குக் குறைத்தேன், நுரை.
எட்டுக்கு. நுரை.
எல்லாவற்றையும் அங்கணத்தில் கொட்டினேன்.

பின்னால் நின்று பார்த்திருக்கிறான்.
"அழுத்தத்துல தப்பில்லீங்க அம்மிணி."
(அந்த 'ங்க' கோபமா சமாதானமா,
கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் பிடிபடவில்லை.)
"குழாயி குட்டை. ஒரு சாண்ல
பன்னெண்டு பவுண்டும் வாயிலயே வந்து வெடிக்குது.
சன்னமா மூணு மீட்டர் போடோணும்.
சுத்திச் சுத்தி வந்தா அலுத்துப்போயி இறங்கிரும்."

வாங்கி வந்து, பீப்பாயைச் சுற்றிச் சுருட்டி வைத்தான்.
ஊசியை நான் மறுபடி ஏற்றினேன்.

ஒன்பதாம் நாள், எதிர்ப் பட்டறையில் ஷிப்ட் விட்ட பிறகு
டம்ளரைச் சாய்த்துப் பிடித்தேன்.
சத்தமில்லாமல் இறங்கியது. மேலே இரண்டு விரல் வெள்ளை.
மொட்டைமாடித் தொட்டியில் சாய்ந்தபடி
அவனாகவே ஆரம்பித்தான்.
ஒன்பதாம் தேதியிலிருந்து அல்ல.
அதற்கும் முந்தைய தீபாவளி போனஸிலிருந்து,
சூப்பர்வைசருடைய மச்சினனிலிருந்து,
சத்திக்குப் போகும் பஸ்களின் நேரம்வரைக்கும்.
காந்திபுரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து
மனப்பாடமே ஆகிவிட்டதாம்.
குறுக்கே பேசாமல் குடித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது. கம்பு வாசம் கொஞ்சம் தூக்கல்.

அரிசி மூட்டைக்குப் பக்கத்துப் பீப்பாயில்,
அந்தக் கோபத்தின் இரண்டாம் நாள்,
முப்பது கிராம் சர்க்கரை கரைத்து ஊற்றி
இறுக்கி மூடியிருக்கிறேன்.
அந்த மூடியில் ஊசி கிடையாது.
எவ்வளவு ஏறியிருக்கிறதோ.
சொல்ல வேண்டும்.